சூடம் அணைத்த பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த பிள்ளைகள் விடுதியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளம் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்ப்பது பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால், சுங்கைப் பட்டாணியில் என்னைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கையில் ஒரு தாள் இருந்தது. புதிய நிர்வாகம் கொண்டுவரப் போகும் விதியாம். பிள்ளையைக் கேட்டு வரும் குடும்பம் பக்தியுள்ள குடும்பம் என்று கோயில் பொறுப்பாளர் கடிதம் கொடுத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை வருடத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

"நீங்க தெனம் கோயிலுக்குப் போற ஆளு. இது உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சோம்யா," என்றாள் மூத்தவள்.

தாளை இரண்டு தடவை படித்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், பதிலை எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஆறாம் வகுப்புவரை படித்தவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முருகன் துணை.

சப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப் போனார்கள். பாலுக்கு மரம் சீவ ஆளில்லை, நிறுக்கப் பாலும் இல்லை. பிறகு தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக ஆள் பிடித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். சில வீடுகளில் புருசன் பெண்டாட்டி இரண்டு பேருமே போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் விட்டது விட்டபடி கிடந்தன.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் சுங்கைப் பட்டாணி வியாபாரிகள் சிலர் சேர்ந்து, சரக்கு இல்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு கிட்டங்கியில் விடுதி ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கணக்கெழுதும் கிராணியாக வைத்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது. எனக்கும் என் மனைவிக்கும் கைப்பிள்ளைக்கும் ஒரு அறையும், மூன்று வேளை மரவள்ளிக்கிழங்கும். வேலை பழக எனக்குக் கிடைத்தது நான்கு நாள். மற்றதெல்லாம் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது.

ஒரு பிள்ளை வந்தால் முதலில் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையிடம் பேர் கேட்டால் "பாப்பா" என்று சொல்லும். அப்பா பேர் என்ன என்றால் "அப்பா" என்று சொல்லும். அதனால் வேறு மாதிரி கேட்கப் பழகினேன். வீட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாயா, பின்னாலா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு மணி அடிப்பது யார்? அம்மாவுக்குக் கோபம் வந்தால் உன்னை எப்படிக் கூப்பிடும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் முழுப் பேர் இருக்கும். பிறகு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பைப் பார்த்து, தழும்பு, மச்சம், சிரங்கு வடு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவேன். அப்பா அம்மா திரும்பி வந்து கேட்டால் அடையாளம் காட்டுவதற்காக அந்தப் பத்தி. அது வேறொன்றுக்கும் உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விடுதியை நடத்திய கமிட்டிக்குத் தலைவர் நாகலிங்கம் ஐயா. ஜவுளி வியாபாரி. அவரைப் பற்றி உண்மையைத்தான் எழுத வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்கு ஊற்றும் கஞ்சியையே அவரும் குடிப்பார். தன் கடையில் மிச்சமிருந்த துணியையெல்லாம் பிள்ளைகளுக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவரே சாக்குத்துணி சுற்றிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வி கேட்டால், துண்டை மடியில் மடித்து வைத்து, திருநீற்றுப் பையைத் தொட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். அவர் வாயிலிருந்து வருவது சாமி வாக்கு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு குடும்பம் பிள்ளையைக் கேட்டு வந்தால் அவர் வைத்த முறை இது. வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோயிலுக்கு வர வேண்டும். சன்னதிக்கு முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றுவார்கள். "இந்தப் பிள்ளையை என் சொந்தப் பிள்ளை போல வளர்ப்பேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, எரியும் சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சூடம் கிடைக்காத காலம். தலைவர் ஒரு டப்பா சூடத்தை இதற்காகவே பூட்டி வைத்திருந்தார். அது முடிந்ததும் நான் பதிவேட்டில் "சூடம் அணைத்தார்" என்று எழுதி, கீழே ஒரு சிவப்புக் கோடு போடுவேன். சிவப்பு மை தீர்ந்த பிறகு குங்குமத்தைக் கரைத்துக் கோடு போட்டேன். கோடு போட்ட பக்கத்தை மறுபடி திறப்பதில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததுதான்.

ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"ஐயா, மாசத்துக்கு ஒரு தடவ போயி பிள்ளைங்கள பாத்துட்டு வரட்டுமா?"

துண்டை மடித்தார். பையைத் தொட்டார். "தம்பி, அவங்க சத்தியம் பண்ணிக் குடுத்தது ஒனக்கா எனக்கா? சாமிக்கு. நீ போயி எட்டிப் பாத்தீன்னா, சாமி கண்ணு பத்தலைன்னு ஆவுது. அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

எனக்கு அது சரியாகவே பட்டது. வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். அறையில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குக் கிழங்கு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, சாமி என்னா ஒங்க கமிட்டி மெம்பரா? ஒங்களுக்குக் கால் வலிக்கக் கூடாதுன்னு அது வீடு வீடாப் போயிப் பாத்துட்டு வருமா?"

"வாய மூடு. சாமி குத்தம்," என்றேன் நான். அவள் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அஞ்சலை ஐப்பசி மாதத்தில் வந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். அப்பா பெருமாள் சித்திரையில் சயாம் லாரியில் போனவர். அம்மா புரட்டாசியில் குளிர் காய்ச்சலில் செத்துப் போனாள். நல்ல வாயாடிப் பிள்ளை. நான் உடம்பு அடையாளம் எழுதும்போது, "இந்தா இது நாய் கடிச்சது, இது நான் மரத்துலேருந்து விழுந்தது, இது அம்மா கரண்டியால அடிச்சது, அடிச்சிட்டு அம்மாதான் அழுதுச்சு" என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னாள். நான் கேட்காமலே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "இங்க ஒண்ணுமில்ல கிராணிய்யா, சுத்தம்," என்றாள். நானும் அப்படியே எழுதினேன்: உள்ளங்கைகளில் அடையாளம் இல்லை.

தை மாதத்தில் மாணிக்கம் என்ற மளிகைக் கடைக்காரர் அவளைக் கேட்டு வந்தார். பிள்ளை இல்லாத வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். தலைவருக்கு வேண்டியவர். ஈர வேட்டியோடு நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சத்தியம் செய்தார். சூடத்தை அடித்த அடி எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. குங்குமக் கோடு போட்டேன். அஞ்சலை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

ஏழு மாதம் நான் போகவில்லை. அந்தக் கடை விடுதியிலிருந்து மூன்று தெரு தள்ளி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. மூன்று தெரு.

ஆவணியில் உப்பு கிடைக்குமா என்று கேட்க அந்தக் கடைக்குப் போனேன். பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை, உப்புக்குத்தான் போனேன். உப்பு இல்லை என்றார் மாணிக்கம். பேச்சோடு பேச்சாக, "அஞ்சலை எங்கண்ணே? நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன்," என்றேன்.

"அவ ஊருல இல்ல தம்பி."

"எங்கண்ணே போயிருக்கா?"

"என்னா, சூடம் அணைச்சவன்கிட்ட கிராணி வந்து கேள்வி கேக்குறதா? தலைவருக்குத் தெரியுமா நீ இப்படிக் கேக்குறது?"

பின்பக்கத்திலிருந்து அவர் மனைவிதான் சொன்னாள், பெண்டாங்கில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று. அங்கே வயல் உண்டு, சோறு கிடைக்கும், பிள்ளை நன்றாகச் சாப்பிடட்டும் என்று அனுப்பினார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பட்டணத்தில் நாங்கள் எல்லோரும் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது ஒரு பிள்ளைக்காவது சோறு கிடைக்கிறதே என்று சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனால் எந்த மாதம் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா யோசிக்காமல், "மாசியிலயே," என்றாள். தையில் சத்தியம், மாசியில் பிள்ளை வேறு வீட்டில்.

தலைவரிடம் சொன்னேன். அவர் துண்டை மடித்தார். "சொந்தக்காரங்க வீடுதானே தம்பி," என்றார்.

அன்றுதான் முதல் தடவையாக அவர் பதிலுக்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது அவருக்குத் தெரியாமல் பதிவேட்டிலிருந்து அஞ்சலையின் பக்கத்தைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன். டயருக்குப் பதில் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். பெண்டாங் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

அந்தத் தம்பிக்காரன் மாடு வைத்திருந்தான், நெல்லும் வாங்கி விற்றான். ஆலைகள் ஓடாத காலம். நெல்லைக் கையால் குத்தித்தான் அரிசியாக்க வேண்டும். நான் போனபோது அவன் வீட்டில் இல்லை. கொல்லையில் உலக்கைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தன்னைவிட உயரமான உலக்கையை அஞ்சலை தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. தலையை மொட்டை அடித்திருந்தார்கள்.

"அஞ்சல, என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியுதுங்கய்யா."

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"நல்லா இருக்கேன்."

"எங்கம்மா படுத்துக்குவ?"

"நல்லா இருக்கேங்கய்யா."

அதோடு சரி. எது கேட்டாலும் இதே பதில். எங்கள் விடுதியில் எல்லோரையும் பேசியே களைப்பாக்கிய பிள்ளை அது. குச்சியால் கோடு போட்ட மாதிரி ஒரே வார்த்தையில் நின்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் சாமி மாடம் இருந்த பக்கமே பார்த்தாள்.

மடியிலிருந்த தாளை எடுத்தேன். ஒவ்வொரு தழும்பாக நான் படிக்கப் படிக்க, அவள் காட்டினாள். நாய் கடித்தது இருந்தது. மரத்திலிருந்து விழுந்தது இருந்தது. புதிதாகத் தோளில் காய்ப்பு, முதுகில் கோடுகள். அவை என்னவென்று கேட்க வேண்டிய தேவையில்லை. கடைசி வரிக்கு வந்தேன். கையைக் காட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினாள்.

"வலது கையும் காட்டும்மா."

மூடிக்கொண்டாள். நான் மெதுவாக விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கை நடுவில் வட்டமாக, ஒரு சல்லிக்காசு அளவு, சுட்ட வடு.

அந்த வடு என்னவென்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. எத்தனையோ பேர் சூடம் அணைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பெரியவர்கள் பட்டென்று அடித்துக் கையை எடுத்துவிடுவார்கள், ஒன்றும் ஆகாது. பழக்கமில்லாதவர்கள்தான் கையை வைத்துவிட்டு எடுக்கத் தெரியாமல் சுட்டுக்கொள்வார்கள்.

"ஒன்ன சத்தியம் பண்ண வெச்சாங்களாம்மா?"

அவள் கையை இழுத்து மறுபடி மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படி எழுதுவது? ஒரு பெரிய மனிதர் சாமி முன்னால் சத்தியம் செய்தார். நாங்கள் அவரை நம்பிப் போய்ப் பார்க்காமல் இருந்தோம். அவர் வீட்டுக்குப் போய் அதே சூடத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டார். எங்கள் சாமியை, நான் தினம் கும்பிடுகிற சாமியை, பிள்ளைக்குக் காவல் போடும் போலீஸ்காரனாக, மாத்தா-மாத்தாவாக ஆக்கிவிட்டார்.

ஆனால் நான் கோபப்பட்டு என்ன ஆகும்? பிள்ளை நம்புகிறதே. நானும்தான் நம்புகிறேன். சத்தியத்தை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சொல்லு" என்று சொல்லியிருந்தால் அது எனக்கே பொய்யாகப் பட்டிருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்கும். கொல்லை அடுப்பில் மாட்டுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு தணலை எடுத்துக் கல்லில் வைத்தேன்.

"அஞ்சல, இங்க பாரு. நீ பண்ணுன சத்தியத்த நான் வாங்கிக்கிறேன். இனிமே அது என்னோடது. அத மீறுனா என்னா நடக்குமோ அது எனக்கு நடக்கட்டும். முருகன் சாட்சி."

உள்ளங்கையால் தணலை அமுக்கினேன். அடிக்கவில்லை, அமுக்கினேன். அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று. தோல் பொசுங்கும் வாசனை வந்தது. அவள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை பேசியது. மாசியில் அனுப்பும்போது மாணிக்கம் வீட்டுச் சாமியறையில் சூடம் ஏற்றிச் சொல்ல வைத்தாராம். யார் வந்து கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு சொல்ல மாட்டேன். இங்கிருந்து ஓடிப் போக மாட்டேன். மீறினால் எங்கப்பா சயாமிலிருந்து உயிரோடு திரும்ப மாட்டார்.

இதை எழுதும்போதே பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்டுக்காரன் வந்துவிட்டான். என் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா கிராணி, கொழாய்ல ஏறி இம்புட்டுத் தூரம் வந்துட்டியா? சோத்து வாசன அங்க வரைக்கும் அடிக்குதா?"

"பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"யாரக் கேட்டு?"

"நீங்க யாரக் கேட்டு வெச்சிருக்கீங்க?"

"எங்க மச்சான் குடுத்தாரு, வெச்சிருக்கேன். சூடம் அணைச்சது அவரு. எங்கிட்ட ஒரு சத்தியமும் கெடையாது, போ. வேணும்னா போயி அவரு கையப் பாரு."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது. எங்கள் முறையில் இருந்த ஓட்டையை எங்கள் கமிட்டியில் ஒருவரும் பார்க்கவில்லை. பெண்டாங்கில் ஒரு மாட்டுக்காரன் பார்த்துவிட்டான். நான் அவனிடம் மேலே பேசவில்லை. அஞ்சலையைத் தூக்கிச் சைக்கிளில் உட்கார வைத்தேன். அவன் ஹாண்டிலைப் பிடித்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒருவர் வேலிப் பக்கம் வந்து, கையில் வெட்டுக்கத்தியோடு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அவர் மனைவி அஞ்சலையைப் பார்த்து, "போ, போ" என்பது போலத் தலையை ஆட்டினாள். மாட்டுக்காரன் கையை எடுத்தான். அந்த மலாய்க் குடும்பம் ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தது. எந்தச் சூடமும் அணைக்காதவர்கள்.

மறுநாள் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. மாணிக்கம் திருநீறு பூசிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் சத்தியத்த மீறல. சொந்தப் பிள்ளை மாதிரின்னுதானே சொன்னேன்? சொந்தப் பிள்ளைய மாமன் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா? சொந்தப் பிள்ளை வீட்டு வேலை செய்யாதா?" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "தம்பி, பதிவேட்டுப் பக்கத்தக் கிழிச்சிருக்க. கோடு போட்ட பக்கம் அது."

"ஆமாங்கய்யா, கிழிச்சேன். நீங்க சாமிகிட்ட விட்டுட்டீங்க. இவரு சாமியவே எடுத்து பிள்ளை வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாரு. சாமி கண்ணு பத்தலைன்னு நான் சொல்லல. நம்ம கண்ணு எதுக்கு இருக்குன்னுதான் கேக்குறேன். சாமி ரெண்டு காலு குடுத்துச்சு, மூணு தெரு நடக்கல நான். சூடம் ஏத்துனது போதும்னு இருந்துட்டேன். அந்தப் பாவம் யாரோடது?"

அவ்வளவு பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தலைவர் துண்டை மடிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். அவள் உள்ளங்கையைத் தன் கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என் கையையும் காட்டச் சொன்னார். அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

அதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை இங்கயே இருக்கட்டும். இனிமே சூடம் வேணாம். ஆனா இந்தப் பேச்சு இந்தக் கொட்டகையவிட்டு வெளிய போகக் கூடாது. கோயில் பேரு கெடும்."

கோயில் பேர். ஒரு பிள்ளையின் கை கெட்டது, முதுகு கெட்டது, அதெல்லாம் உள்ளே இருக்கட்டும். மாணிக்கம் அடுத்த வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு வந்தார். முதல் மரியாதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். நான் அன்று தூணுக்குப் பின்னால் நின்று சாமி கும்பிட்டேன். சாமியிடம் எனக்குக் கோபமில்லை. அதுவும் என்னைப் போல அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததே என்றுதான் தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து குங்குமக் கோடு போட்ட பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வைத்துப் பிள்ளையிடம் பேசக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். வாய்க்கால் பக்கம், மரத்தடி, எங்கேயாவது வெளியே கூட்டிப் போவேன். நல்லா இருக்கியா என்று கேட்கவே மாட்டேன். நேத்து என்ன சாப்பிட்ட, யார் பக்கத்தில் படுத்த, காய்ச்சல் வந்தப்ப யார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது என்று கேட்பேன். பாய் எங்கே சுருட்டி வைத்திருக்கிறது என்று பார்ப்பேன். அடையாளப் பத்தியை வரி வரியாகச் சரிபார்ப்பேன். முப்பது வருடத்துக்கு மேல், ஓய்வு பெறும் நாள் வரை, இதையேதான் செய்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் நல்ல வீடுகள்தான். தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் வந்த பிள்ளைக்குக் கிழங்கு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட, எங்களைச் சந்தேகப்பட்டா வந்தாய் என்று கேட்டதில்லை. "வாங்க கிராணி, வந்து பாருங்க," என்று பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். நான் போனதற்குக் கோபப்பட்டவர்களின் வீட்டுக்குத்தான் நான் இரண்டாவது தடவையும் போனேன்.

அஞ்சலை எங்களோடு எங்கள் அறையிலேயே இருந்தாள். என் மனைவி அவளை விடவில்லை. தலைமுடி வளர்ந்தது, உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. சயாம் பக்கமிருந்து யாராவது தப்பி வந்திருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டால், விடுதிப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டுக்கு ஓடும். அவள் மட்டும் போக மாட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

ஒரு நாள் என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அது எங்கிட்ட என்னா கேட்டுச்சு தெரியுமா? 'அக்கா, நான் பேசுனதுக்கு எங்கப்பா அப்பவே செத்திருப்பாரா, இல்ல இனிமேதான் சாவாரா?' இதுக்கு நான் என்னாங்க பதில் சொல்ல?"

நான் தணலை அமுக்கியதெல்லாம் அவளுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேசியது அவள் வாய். அதை நான் எப்படி வாங்கிக்கொள்ள முடியும்? வந்தால் பார்ப்போம், சாமி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள். அன்று ராத்திரியும் சாப்பிடவில்லை.

சப்பான்காரன் இன்னும் இருக்கும்போதே, அவனுடைய கடைசி மாதங்களில், காத்தமுத்து என்று ஒருவர் காட்டு வழியாக நடந்து தப்பி வந்தார். ஒரு கால் புண்ணாகி வீங்கியிருந்தது. கமிட்டிக்காரர்கள் அவரைக் கிட்டங்கியின் பின்னறையில் ஒளித்து வைத்தார்கள். அஞ்சலையின் தோட்டத்துக்காரர் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன்.

"பெருமாளா? ஒரே லாரியிலதானே போனோம். அவரு அந்த மழையிலயே போயிட்டாரே கிராணி. பேதி வந்து ரெண்டே நாளு."

அஞ்சலை என் மனைவியிடம் கேட்ட கேள்விதான் உடனே ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையின் பேரைக் கண்டுபிடிக்க எப்படிக் கேட்பேனோ அப்படி அவரைக் கேட்டேன். எந்த மழை? போய்ச் சேர்ந்து எத்தனை நாளில்? உங்களுக்கு எப்படி ஞாபகம்? அவர் சலித்துக்கொண்டார். செத்தவன் செத்துட்டான், நாள் கெழம பாத்து என்னா பண்ணப் போற என்றார். நான் விடவில்லை.

"ஆடி மாசம் கிராணி. நம்ம தோட்டத்துல இந்நேரம் மாரியம்மனுக்குக் கூழு ஊத்துவாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம். அதுக்கு ரெண்டு நாளு முன்னாடிதான் அவரப் பொதைச்சோம். குழி வெட்டுனது நானு. மறக்குமா?"

நீங்கள் போன அதே வருசத்து ஆடியா என்று மறுபடி கேட்டேன். அதே வருசம் என்றார். இன்னொரு தடவை கேட்டேன். மாரியம்மன் மேல ஆணையாகச் சொல்லட்டுமா என்றார். ஆணை வேண்டாம், உங்கள் வாயால் சொன்னால் போதும் என்றேன்.

எழுந்து அறைக்கு ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. அஞ்சலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அஞ்சல, ஒங்கப்பா செத்துட்டாரும்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அது அவளுக்கு முன்பே தெரிந்த விசயம், அவளே செய்த விசயம்.

"எப்ப செத்தாருன்னு கேளும்மா."

கேட்கவில்லை. நானே சொன்னேன். அவரு லாரியில போன அதே வருசம், ஆடியில. கூழு ஊத்துறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி.

அவள் விரல்களை மடக்க ஆரம்பித்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. அங்கே நின்றாள்.

"அப்ப அம்மா இருந்துச்சே."

"ஆமாம்மா. அம்மா இருந்தப்பவே."

மறுபடி மடக்கினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. மாசிக்கு வந்ததும் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"நான் சூடத்துல கை வெக்கிறப்பவே அப்பா இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப நான் பேசுனதுனால இல்ல."

"இல்லவே இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள். வாயைத் திறந்து, அப்பா அப்பா என்று, அப்பன் செத்த பிள்ளை எப்படி அழ வேண்டுமோ அப்படி அழுதாள். என் மனைவி ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பன் செத்த சேதியை ஒரு பிள்ளைக்கு நல்ல சேதியாகக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு நாங்கள் அவளைக் கொண்டுவந்திருந்தோம். மாணிக்கத்தையும் தலைவரையும் சாமி மன்னித்திருக்கலாம், அது சாமியின் குணம். நான் அவர்களை மன்னிக்கவில்லை. போகாமல் இருந்த அந்த ஏழு மாதத்துக்கு என்னையும் இன்னும் மன்னிக்கவில்லை.